பல திட்டங்களுக்கு ஒரே துறை: துறைத்தலைவர்களுக்குத் திட்ட அலுவலகம் எவ்வாறு துணை நிற்கலாம்?

கேள்வி
எழுதியவர்: ஓசூர் திட்ட அலுவலகம்

அனைவருக்கும் வணக்கம். ஓசூரில் எஸ்.பி.எம். எனப்படும் சிறப்புப் பயன் இயந்திரங்களைத் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றின் திட்ட அலுவலகத்தில் பணிபுரிகிறேன். வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்கான அசெம்பிளி இயந்திரங்களும் கசிவுச் சோதனை இயந்திரங்களும்தான் எங்களுக்கு வரும் ஆர்டர்களில் பெரும்பகுதி. ஒவ்வோர் ஆர்டரையும் தனித் திட்டமாகக் கொண்டு அதற்கு ஒரு திட்ட மேலாளரை நியமிக்கிறோம். ஆனால் வேலையைச் செய்கிறவர்கள் அனைவரும் இயந்திர வடிவமைப்பு, மின் கட்டுப்பாடு, கொள்முதல், அசெம்பிளி என்ற துறைகளில் அந்தந்தத் துறைத்தலைவரின் கீழ் இருக்கிறார்கள். எந்த நேரத்தில் பார்த்தாலும் பத்துப் பன்னிரண்டு ஆர்டர்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

நெருக்கடி எல்லாத் துறையிலும் உண்டு என்றாலும், அது வெளியே தெரிவது மின் கட்டுப்பாட்டுத் துறையில்தான். அங்கே இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சிக்குப் புரோகிராம் எழுதக்கூடியவர்கள் ஐந்து பேர். திட்ட மேலாளர்கள் துறைத்தலைவரிடம் கேட்பதோடு நிற்காமல், நேராகப் புரோகிராமரின் இருக்கைக்கே சென்று தங்கள் வேலையை முதலில் முடித்துத் தரச் சொல்கிறார்கள். நாங்கள் பராமரிக்கும் எக்செல் தாளில் ஒரே பொறியாளரின் பெயருக்கு எதிரே மூன்று திட்டங்களில் தலா 40 சதவீதம் என்று இருக்கிறது. கூட்டினால் 120 வருகிறதே என்று கேட்டால், எப்படியாவது சமாளித்துக்கொள்வார்கள் என்ற பதில்தான் கிடைக்கிறது. துறைத்தலைவரோ மிகவும் நல்லவர், வருகிற எல்லோரிடமும் சரி என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்.

துறைத்தலைவர்கள் எல்லாத் திட்டங்களுக்கும் ஈடுகொடுக்கும்படி திட்ட அலுவலகம் அவர்களுக்குத் துணையாக ஏதாவது செய்ய வேண்டும் என்று எம்.டி. இப்போது என்னைப் பணித்திருக்கிறார். ஆள் ஒதுக்கீட்டுக்கான மென்பொருள் ஒன்றை வாங்கி, துறைத்தலைவர்கள் வாராவாரம் அதில் விவரங்களை நிரப்பும்படி செய்யலாம் என்பது என் முதல் எண்ணமாக இருந்தது. நான்கு துறைத்தலைவர்களில் மூவர் அதைக் கேட்ட மாத்திரத்தில் முகத்தைச் சுளித்தனர். இத்தகைய அமைப்பில் துறைத்தலைவராகவோ திட்ட மேலாளராகவோ இருந்தவர்கள், எந்த உதவி உண்மையில் பயன்பட்டது, எது கூடுதல் சுமையாக முடிந்தது என்று தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி
எழுதியவர்: பேனல்காரர்

வணக்கம். நான் கோவையில் இதே போன்ற ஒரு நிறுவனத்தில் மின் கட்டுப்பாட்டுத் துறையை நடத்தி வருகிறேன். ஆகவே உங்கள் துறைத்தலைவர் ஏன் எல்லோருக்கும் சரி என்று சொல்கிறார் என்பது எனக்கு நன்றாகப் புரிகிறது. நல்ல குணம் மட்டும் அதற்குக் காரணமன்று. இரண்டு திட்ட மேலாளர்கள் ஒரே வாரத்தில் ஒரே ஆளைக் கேட்கும்போது, ஒருவரை முதலில் வைத்து மற்றவரைக் காக்கவைக்கும் முடிவு எந்த வாடிக்கையாளரைக் காக்கவைப்பது என்ற வியாபார முடிவாகும். அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. அதற்குத் தேவையான விவரங்களும் அவரிடம் இல்லை. எந்த ஆர்டரில் தாமத அபராதத்துக்கான எல்.டி. நிபந்தனை இருக்கிறது, எந்த வாடிக்கையாளர் அடுத்த ஆண்டு இன்னும் நான்கு இயந்திரங்கள் வாங்கப் போகிறார் என்பதெல்லாம் எம்.டி.க்கும் விற்பனைப் பிரிவுக்கும்தான் தெரியும். தமக்குரியதல்லாத முடிவைத் தம் மேசையில் வைத்துவிட்டால் எவரும் எல்லோருக்கும் தலையாட்டத்தான் செய்வார்.

எனவே திட்ட அலுவலகம் செய்யக்கூடிய முதல் உதவி, ஓடிக்கொண்டிருக்கும் எல்லா ஆர்டர்களையும் ஒன்று, இரண்டு, மூன்று என ஒரே வரிசையில் அடுக்கி, எம்.டி.யின் கையொப்பத்தோடு துறைத்தலைவர்களிடம் கொடுப்பதாகும். 'மிக அவசரம்', 'அவசரம்', 'சாதாரணம்' என்று பிரித்தால் ஒரே மாதத்தில் எல்லா ஆர்டரும் மிக அவசரம் என்ற தலைப்பின் கீழ் வந்து சேர்ந்துவிடும். வரிசை எண்ணில் இரண்டு ஆர்டர்கள் ஒரே இடத்தில் நிற்க முடியாது என்பதே அதன் பலம். அந்தத் தாள் என் கைக்கு வந்த பிறகு, திட்ட மேலாளர் ஒருவர் எங்கள் பொறியாளரின் இருக்கைக்குப் போனால், அவரை நான் விரட்ட வேண்டிய அவசியமில்லை. பொறியாளரே தாளைக் காட்டிவிடுவார்.

அடுத்தது, தேவையைக் கேட்கும் விதம். உங்கள் எக்செல் தாளில் ஆள் பெயரும் சதவீதமும் இருக்கின்றன. எனக்கு அந்த இரண்டுமே வேண்டாம். எந்த வேலை, எந்தத் திறன் தேவை, அது தொடங்க எது என் கைக்கு வர வேண்டும், எப்போது முடிய வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். யாரை அனுப்புவது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். 'தொடங்க எது வர வேண்டும்' என்ற கட்டத்தைப் பெரும்பாலானோர் காலியாக விடுகிறார்கள். இருப்பதிலேயே அதிக நாள்களைத் தின்பது அந்தக் காலிக் கட்டம்தான். எடுத்துக்காட்டாக, பிஎல்சி லாஜிக் எழுதுவதற்கு உள்ளீடு வெளியீடுகளின் பட்டியல், அதாவது ஐ/ஓ பட்டியல், முடிவாகியிருக்க வேண்டும். இயந்திர வடிவமைப்பில் கடைசி நேரத்தில் ஒரு கிளாம்ப் கூடுதலாகச் சேர்ப்பார்கள். ஒரு நியூமேட்டிக் சிலிண்டர் வந்தால் அதனுடன் அதன் நிலையை உணரும் இரண்டு ரீட் சுவிட்சும், காற்றைத் திறந்து மூடும் ஒரு சோலனாய்டு வால்வும் வரும். மின் கட்டுப்பாட்டுப் பேனலில் உள்ள, 32 உள்ளீடுகளை ஏற்கும் கார்டில் ஓரிடம்தான் மிச்சமிருந்திருக்கும். இன்னொரு கார்டுக்கு ஆர்டர் போட வேண்டும், பேனலுக்குள் அதற்கு இடம் வேண்டும், வயரிங் வரைபடத்தைத் திருத்த வேண்டும். இதை நாங்கள் அறிவது, அசெம்பிளித் தளத்தில் ஃபிட்டர் ஒருவர் பெயரில்லாத ஒயர் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு இது எங்கே போகிறது என்று கேட்கும்போதுதான். திட்ட மேலாளர் அந்த மாற்றம் நடந்த அன்றே ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தால் போதும். டிராயிங் திருத்தம் வெளியாகும்போதெல்லாம் அது எந்தெந்தத் துறையைத் தொடுகிறது என்று பார்த்துத் தகவல் அனுப்பும் பொறுப்பைத் திட்ட அலுவலகம் ஏற்றுக்கொண்டால், எந்த மென்பொருளையும்விட அது பெரிய உதவியாக இருக்கும்.

மூன்றாவது, யாருடைய கணக்கிலும் வராத வேலை. எங்கள் ஆள்கள் மகாராஷ்டிரத்தின் சாக்கன், குஜராத்தின் சாணந்த் என்று வாடிக்கையாளரின் ஆலைக்குக் கமிஷனிங்குக்கு, அதாவது இயந்திரத்தை நிறுவி ஓடவைக்க, போனால், மூன்று நாள் என்று போனவர் பத்து நாள் கழித்துத்தான் திரும்புகிறார். அங்கே மின் இணைப்பு தயாராக இருக்காது, அல்லது சோதனைக்குரிய உதிரிபாகம் வந்திருக்காது. அது போக, சென்ற ஆண்டு அனுப்பிய இயந்திரத்தில் சென்சார் வேலை செய்யவில்லை என்று வாரன்ட்டி அழைப்பு வரும். இவற்றுக்கான நேரத்தை முதலிலேயே கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் திட்டங்களுக்குப் பங்கிட வேண்டும். எங்கள் துறையில் ஐந்து பேர் இருந்தால் மூன்றரைப் பேர் என்றுதான் நான் கணக்குச் சொல்வேன். ஆள் இருக்கும்போதே இல்லை என்கிறீர்களே என்று முதலில் திட்ட மேலாளர்கள் கோபித்துக்கொண்டார்கள். தேதிகள் தப்பாமல் நிற்கத் தொடங்கிய பிறகு அந்தப் பேச்சு நின்றது.

மறுமொழி
எழுதியவர்: வரிசைக் கணக்கு

பேனல்காரர் சொன்ன மூன்றரை ஆள் கணக்குக்குப் பின்னால் உறுதியான கணிதம் இருக்கிறது. உங்கள் எம்.டி.யிடம் பேசும்போது பயன்படக்கூடும் என்பதால் அதை எழுதுகிறேன்.

ஒருவரிடம் வேலைகள் ஒழுங்கற்ற இடைவெளிகளில் வந்து சேர்கின்றன, ஒவ்வொன்றும் எடுத்துக்கொள்ளும் நேரமும் மாறுபடுகிறது என்று கொள்வோம். அவருடைய நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால், புதிதாக வரும் வேலை சராசரியாக நான்கு வேலைகளுக்கு ஆகும் நேரம் காத்திருக்க வேண்டும். 90 சதவீதம் நிரம்பினால் அது ஒன்பது வேலைகளின் நேரமாகிறது. 95 சதவீதத்தில் பத்தொன்பது. ஒரு வேலைக்குச் சராசரியாக 2 நாள் என்றால், 80 சதவீதத்தில் 8 நாள்களாக இருந்த காத்திருப்பு 95 சதவீதத்தில் 38 நாள்களாகிவிடும். வேலை செய்யும் நேரம் இரண்டு நாள்தான், அது கூடவேயில்லை. கூடியதெல்லாம் வரிசையில் கிடக்கும் நேரம். இது வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய மாதிரியில் கிடைக்கும் கணக்கு. வேலை வரும் விதமும் முடியும் விதமும் எவ்வளவு ஒழுங்கற்றவையோ அவ்வளவு காத்திருப்பு கூடும் என்பதைச் சேர்த்துப் பொதுவான வாய்பாடாக ஜான் கிங்மன் 1961-இல் தந்தார். 120 சதவீதம் என்று தாளில் எழுதியிருப்பதற்குக் கணிதத்தில் விடையே இல்லை. வரிசை நீண்டுகொண்டே போகும் என்பது மட்டுமே அதற்குப் பொருள்.

ஆள் பெயரில் ஒதுக்காதீர்கள் என்று பேனல்காரர் சொன்னதற்கும் இதிலேயே ஆதாரம் உண்டு. ஐந்து பொறியாளர்களுக்கும் தனித்தனி வரிசை வைத்து ஒவ்வொருவரும் 90 சதவீதம் நிரம்பியிருந்தால், மேலே சொன்ன 2 நாள் வேலைக்கு 18 நாள் காத்திருப்பு. அதே ஐந்து பேரும் அதே அளவு சுமையோடு ஒரே பொது வரிசையிலிருந்து வேலையை எடுத்துக்கொண்டால் காத்திருப்பு ஏறக்குறைய 3 நாளாகக் குறைகிறது. ஆளும் கூடவில்லை, வேலையும் குறையவில்லை. ஆனால் இதற்கு ஐவரும் ஒருவர் வேலையை மற்றவர் செய்யக்கூடியவர்களாக இருக்க வேண்டும். வாடிக்கையாளர்கள் ஒருவர் சீமென்ஸ், இன்னொருவர் மிட்சுபிஷி, மற்றொருவர் ஆலன்-பிராட்லி என்று பிஎல்சியின் தயாரிப்பைக் குறிப்பிட்டுக் கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஓர் ஆள்தான் உங்களிடம் இருந்தால், பொது வரிசை என்பது பெயரளவில்தான் இருக்கும். ஆகவே ஒவ்வொரு வகைக்கும் இரண்டாவது ஆளைப் பழக்குவதற்கான நேரத்தையும் செலவையும் திட்ட அலுவலகம் நிர்வாகத்திடம் கேட்டு வாங்கித் தருவது துறைத்தலைவருக்குச் செய்யும் நேரடி உதவி. எந்த ஒரு திட்ட மேலாளரும் தம் திட்டத்தின் செலவில் அந்தப் பயிற்சியை நடத்த முன்வரமாட்டார் என்பதால், அது யாரும் கேட்காமலே விடுபட்டுப் போகிறது.

இன்னொரு சிறு கணக்கும் உண்டு. ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதியின்படி, துறைக்குள் இருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கையை வாரத்துக்கு முடியும் வேலைகளால் வகுத்தால், ஒரு வேலை துறையைக் கடக்க ஆகும் வாரங்கள் கிடைக்கும். உள்ளே 20 வேலைகள் கிடக்கின்றன, வாரத்துக்கு 4 முடிகின்றன என்றால், இன்று உள்ளே வருவது ஐந்து வாரம் கழித்து வெளியே வரும். புதிய ஆர்டரைச் சீக்கிரம் தொடங்கிவிட்டால் சீக்கிரம் முடியும் என்று நினைத்து அதையும் உள்ளே தள்ளினால், ஏற்கெனவே உள்ளே இருப்பவை அனைத்தும் தாமதமாகும்.

மறுமொழி
எழுதியவர்: ஆர்டர் பொறுப்பாளர்

மேலே எழுதிய இருவரும் துறைத்தலைவர் பக்கம் நின்றே பேசியிருப்பதால், திட்ட மேலாளர் ஒருவரின் குறையையும் பதிவு செய்ய விரும்புகிறேன். வாடிக்கையாளரின் தொலைபேசி வருவது எங்களுக்குத்தான். வேலை எப்போது முடியும் என்று அவர் கேட்கும்போது, துறையில் கேட்டுச் சொல்கிறேன் என்பதை எத்தனை முறை சொல்வது? நாங்கள் நேராகப் பொறியாளரிடம் போவது ஒழுங்கீனம் என்று எழுதுவது எளிது. துறைத்தலைவரிடமிருந்து தேதியும் கிடைப்பதில்லை, மறுப்பும் கிடைப்பதில்லை என்னும்போது வேறு வழி என்ன? முடியாது என்று தெளிவாகச் சொன்னால்கூட நாங்கள் வெளியே ஒரு புரோகிராமரைப் பிடித்து வேலையை முடித்துக்கொள்வோம்.

எனவே உதவி என்று திட்ட அலுவலகம் எதைச் செய்தாலும் அதற்குப் பதிலாகத் துறைத்தலைவரிடம் இரண்டைக் கேட்டுப் பெற வேண்டும் என்பது என் கருத்து. தேவை எழுத்தில் வந்தால் இரண்டு வேலை நாளுக்குள் ஒரு தேதி அல்லது தெளிவான மறுப்பு வர வேண்டும். கொடுத்த தேதி தவறப் போகிறது என்று தெரிந்த அன்றே தகவல் வர வேண்டும். என்ன, எப்போது என்பதைத் திட்ட மேலாளரும், யார், எப்படி என்பதைத் துறைத்தலைவரும் முடிவு செய்வது என்ற பிரிவினை பல இடங்களில் தாளில் இருக்கிறது. ஆண்டு மதிப்பீட்டின்போது திட்ட மேலாளரின் கருத்தை யாரும் கேட்காவிட்டால் அது தாளிலேயே கிடக்கும். சம்பள உயர்வைத் துறைத்தலைவர் மட்டுமே முடிவு செய்யும் இடத்தில், பொறியாளர் யாருடைய வேலையை முதலில் எடுப்பார் என்பது எவருக்கும் தெரிந்ததே.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: ஒரு துறைத்தலைவர் கண்காணிக்கக்கூடிய திட்டங்களுக்கு ஓர் எல்லை உண்டு. டொயோட்டாவில் 1950-களிலிருந்தே ஒவ்வொரு கார் மாதிரிக்கும் 'ஷூசா' எனப்படும் தலைமைப் பொறியாளர் இருந்தார். பாடி, சேசிஸ் போன்ற வேலைகளைச் செய்யும் பொறியாளர்கள் தத்தம் துறைகளிலேயே இருந்தனர். கார் மாதிரிகள் பெருகியபோது, ஒரு துறைத்தலைவர் மிக அதிகமான திட்டங்களுக்கு ஒரே நேரத்தில் பதில் சொல்ல வேண்டிய நிலை ஏற்பட்டது. அவர்கள் 1992-93-இல் மேம்பாட்டுப் பிரிவு முழுவதையும் மாற்றி அமைத்து, பின்சக்கர இயக்கக் கார்கள், முன்சக்கர இயக்கக் கார்கள், பயன்பாட்டு மற்றும் வணிக வாகனங்கள் என்று மூன்று மையங்களாகவும், எல்லாவற்றுக்கும் பொதுவான பாகங்களுக்கென நான்காவது மையமாகவும் பிரித்தார்கள். ஒன்றுக்கொன்று நெருங்கிய திட்டங்கள் ஒரே தலைவரிடம் வந்தன. அவர் பார்க்க வேண்டிய எண்ணிக்கையும் குறைந்தது. உங்கள் நிறுவனத்தை அந்த அளவுக்குப் பிரிக்க ஆள் இருக்காது. எனினும் கசிவுச் சோதனை இயந்திரங்களுக்கு ஒரு மூத்த பொறியாளரையும் அசெம்பிளி இயந்திரங்களுக்கு இன்னொருவரையும் துறைத்தலைவருக்குக் கீழே பொறுப்பாக்கினால், எல்லாக் கேள்வியும் அவர் ஒருவர் மேசைக்கே வந்து குவியாது.

மறுமொழி
எழுதியவர்: பழைய டிராஃப்ட்ஸ்மேன்

ஒரு சிறு சேர்க்கை. எங்கள் ஹெச்.ஓ.டி., அதாவது துறைத்தலைவர், வாரத்தில் ஒரு முழு நாளை அறிக்கைகள் எழுதுவதிலேயே கழித்தார். ஒவ்வொரு திட்ட மேலாளரும் தமக்கென்று ஒரு படிவம் வைத்திருந்தார். திட்ட அலுவலகத்தினர் எல்லாப் படிவங்களையும் ஒன்றாக்கி, அதையும் தாங்களே துறைக்கு வந்து கேட்டு நிரப்பிக்கொண்டு போனார்கள். அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி அதுதான். உங்கள் மென்பொருள் யோசனையைக் கேட்டு மூவர் முகம் சுளித்ததில் வியப்பில்லை.

மறுமொழி
எழுதியவர்: ஓசூர் திட்ட அலுவலகம்

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. தேதி அல்லது மறுப்பு என்ற விதியைத் துறைத்தலைவர்களிடம் சொல்லிப் பார்த்தேன்; படிவம் நிரப்பும் வேலையை எங்கள் அலுவலகம் எடுத்துக்கொள்வதானால் சம்மதம் என்றார்கள். எம்.டி.யிடம் வரிசைத் தாள் கேட்டபோதுதான் தடை வந்தது. எங்கள் ஆர்டர்களில் பாதிக்கு மேல் இரண்டு பெரிய வாடிக்கையாளர்களுடையவை. இருவரும் தமக்கு இரண்டு கண்கள் போன்றவர்கள், எதை முன்னே எதைப் பின்னே வைப்பது என்று கேட்கிறார். முன்பணம் வந்த ஆர்டரைத் தொடங்காமல் வைத்திருப்பதும் அவருக்கு உடன்பாடாக இல்லை. இதை எப்படிக் கடப்பது?

மறுமொழி
எழுதியவர்: பேனல்காரர்

எல்லா எம்.டி.யும் இதைத்தான் சொல்வார்கள். பொதுவாக வரிசைப்படுத்துங்கள் என்று கேட்டால் விடை கிடைக்காது. குறிப்பிட்ட ஒரு மோதலைக் கொண்டுபோய்க் கேட்க வேண்டும். அடுத்த மாதம் இரண்டாம் வாரத்தில் இந்த இரண்டு ஆர்டருக்கும் சீமென்ஸ் தெரிந்த ஒரே பொறியாளர் தேவைப்படுகிறார். முதல் ஆர்டரை முன்னே எடுத்தால் இரண்டாவதன் டிஸ்பாட்ச் இந்தத் தேதிக்குத் தள்ளிப்போகும், மாற்றிச் செய்தால் முதலாவது இந்தத் தேதிக்குப் போகும், எல்.டி. தொகை இங்கே இவ்வளவு, அங்கே இவ்வளவு. இப்படி அரைப் பக்கத்தில் எழுதி, எந்த வாடிக்கையாளருக்கு இன்றே போன் செய்யலாம் என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிடும். இப்படி நான்கைந்து மோதல்களுக்கு அவர் விடை சொல்லிவிட்டால், வரிசைத் தாள் பெரும்பாலும் தானாகவே உருவாகிவிடும். நீங்கள் அதைப் பிரதி எடுத்துக் கையொப்பத்துக்கு வைத்தால் போதும். வாரத்தில் ஒரு நாள், கொள்முதல் துறைத்தலைவரும் உடன் இருக்கும்படி அந்தத் தாளைப் புதுப்பியுங்கள். சர்வோ மோட்டார் வந்து சேராத ஆர்டர் வரிசையில் முதலாவதாக நிற்பதில் பயனில்லை.

முன்பணம் வந்த ஆர்டரைப் பற்றி: தொடங்கவே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வடிவமைப்பு ஒப்புதலுக்கான கூட்டம் வரை போகலாம், நீண்ட நாள் எடுக்கும் பொருள்களுக்கு ஆர்டர் போடலாம். வாடிக்கையாளருக்குக் காட்டவும் அது போதும். மின் கட்டுப்பாட்டுத் துறைக்குள் அதை விடுவதை மட்டும், உள்ளே இருக்கும் ஓர் இயந்திரம் எஃப்.ஏ.டி. எனப்படும் ஆலைச் சோதனையை முடித்து வெளியேறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற துறைகளுக்கு இப்போதைக்கு இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை; எது நெருக்கடியான துறையோ அதன் வாசலில் மட்டும் நின்றால் போதும். ஒரு நேரத்தில் ஒரு பொறியாளரிடம் இரண்டு ஆர்டர்களுக்கு மேல் கொடுக்காதீர்கள் என்பது எங்கள் வழக்கம். ஒன்றில் மாதிரி உதிரிபாகத்துக்காகக் காத்திருக்கும்போது மற்றொன்றைப் பார்க்கலாம் என்பதால் ஒன்றைவிட இரண்டு நல்லது. மூன்றாவது வந்துவிட்டால் எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே நாள் போய்விடும்.

ஆர்டர் பொறுப்பாளர் சொன்னதில் ஒன்றை மட்டும் மாற்றிச் சொல்வேன். மதிப்பீட்டில் திட்ட மேலாளரின் கருத்தைக் கேட்பது சரிதான். அதை ஆண்டு முடிவில் நினைவிலிருந்து கேட்காமல், ஒவ்வொரு டிஸ்பாட்ச் முடிந்த வாரத்திலேயே நான்கு வரி எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கடைசியாக நடந்த சண்டைதான் மதிப்பீடாகும்.

மென்பொருளை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். இன்று உங்களிடம் இருக்கும் எக்செல் தாளிலேயே சதவீதப் பத்தியை நீக்கிவிட்டு, 'தொடங்க எது வர வேண்டும்', 'வந்த தேதி' என்ற இரண்டு பத்திகளைச் சேர்த்து, ஒரு காலாண்டு ஓட்டிப் பாருங்கள். அந்த இரண்டு பத்திகளையும் உங்கள் அலுவலகமே நிரப்ப வேண்டும். இயந்திர வடிவமைப்பிலிருந்து ஐ/ஓ பட்டியல் எந்தத் தேதியில் வந்தது என்பதை எங்களைப் போன்றவர்கள் எழுதினால், அது இரண்டு துறைகளுக்கிடையே புகாராக முடிந்துவிடும்.